35 அங்குலம்

என் தையல் கடைச் சுவரில் 2021 டிசம்பர் மாதக் காலண்டர் தாள் இன்னும் தொங்குகிறது. 12-ஆம் தேதிக் கட்டத்துக்குள் நீல மையில் 35 என்று எழுதியிருப்பேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருபவர்கள் அது என்ன கணக்கு என்று கேட்பார்கள். ஒரு குதிரைக்குட்டியின் மார்பளவு அது. பிடரி முடிகிற இடத்திலிருந்து முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றி எடுத்தது. அன்றைக்கு அவள் அவ்வளவுதான் இருந்தாள்.

ஊட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்தக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். போட் ஹவுஸ் பக்கம் சேணம் கட்டி நிற்பவை ஒரு வகை. சேணம் இல்லாமல் சாலை ஓரத்தில், பேருந்து நிலையத்துப் பக்கம், குப்பைத்தொட்டி அருகே நிற்பவை இன்னொரு வகை. பல நேரங்களில் இரண்டும் ஒரே குதிரைதான். சீசன் ஏப்ரல், மே. அது முடிந்ததும் தீவனச் செலவு கட்டாது என்று சிலர் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். ராத்திரியில் அவிழ்த்து விட்ட பெட்டைக் குதிரை சினையாகிவிடும். பதினோரு மாதம் கழித்து குட்டி போடும். போட்ட ஏழெட்டு நாளிலேயே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். வயிற்றில் ஒன்று, காலடியில் ஒன்று, தின்பதற்குக் காய்கறிக் கழிவும் பிளாஸ்டிக் பையும். அப்புறம் சீசன் வரும்போது தாயைப் பிடித்துக்கொண்டு போவார்கள். குட்டியை யாரும் தேடுவதில்லை. மூன்று வயதாகும் வரை அதன் முதுகில் ஆளை ஏற்ற முடியாது, அதுவரை அது செலவுதான்.

எல்லாக் குதிரைக்காரர்களும் இப்படி என்று நான் சொல்லவே மாட்டேன். தான் சாப்பிடுவதற்கு முன்னால் குதிரைக்குக் கொள்ளு வேகவைத்துப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். என் அப்பா 40 வருஷம் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். வீட்டுக்கு வந்தால் சட்டையில் புல் வாசனையும் லத்தி வாசனையும் சேர்ந்து வரும். அந்த வாசனையில் வளர்ந்த பிள்ளை நான்.

அந்த 35 அங்குலக் குட்டி சிட்டுவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் வந்த குட்டியைச் சொல்லாமல் இதை எழுதினால் அது நியாயமாக இருக்காது.

2017 மழைக்காலம். தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது, பக்கத்திலேயே குட்டி நிற்கிறது என்று என் தம்பி போன் செய்தான். மூன்று வாரக் குட்டி இருக்கும். தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார், கேட்க ஆள் இல்லை. பசி தாங்காமல் என் விரலைச் சப்பியது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பசும்பாலைக் காய்ச்சி, ஃபீடிங் பாட்டிலில் ஊற்றி, அதன் தாடையைப் பிடித்து மேலே தூக்கிப் புகட்டினேன். குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி, என் மடியில் தலையைச் சாய்த்து. ஆவலாகக் குடித்தது. மூக்கு வழியாகக் கொஞ்சம் பால் வந்தது. அவசரமாகக் குடிக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கழிச்சல். மூன்றாம் நாள் இருமல். நான்காம் நாள் ராத்திரி போய்விட்டது.

நான் செய்த தவறுகளைப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். குதிரைப் பாலில் கொழுப்பு 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், சர்க்கரை 6 சதவீதத்துக்கு மேல். பசும்பால் நேர்மாறு: கொழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, சர்க்கரை குறைவு. குட்டியின் குடலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. வேறு வழியே இல்லை என்றால் ஆட்டுப்பால் ஓரளவு தாங்கும். அதையும் குட்டி நின்றபடி, தாயின் மடிக்குக் கீழே கழுத்தை நீட்டுமே, அந்த உயரத்தில்தான் கொடுக்க வேண்டும். தலையைத் தூக்கினால் பால் நுரையீரலுக்குப் போகும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பாட்டிலை விட அகலமான பாத்திரத்தில் குடிக்கப் பழக்குவது இன்னும் நல்லது. இதெல்லாம் தெரிந்த ஒரு கால்நடை டாக்டருக்கு அந்த முதல் ராத்திரியே ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்தக் குட்டிக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை.

சரி, சிட்டு.

2021 டிசம்பர். ஏரிக்குப் போகிற சாலையில் ஒரு குட்டி தனியாகச் சுற்றுகிறது என்று கடைக்கு வந்த ஒரு அக்கா சொன்னார். சுற்றுலா வந்தவர்கள் அதனோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். குற்றம் சொல்ல முடியாது. பனிக்காலத்துக்கு முளைத்த அடர்த்தியான முடி, உருண்டையான வயிறு, பார்க்கப் பொம்மை மாதிரிதான் இருந்தது. பிஸ்கட் நீட்டினார்கள். அது வாங்கவில்லை. இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு அப்போது 76 வயது, தடி ஊன்றித்தான் நடப்பார். நான் குட்டியிடம் ஓடப் போனேன்.

"ஓடாதே புள்ள. பயந்தா விழுந்துரும். நில்லு. மொதல்ல பாரு."

அரை மணி நேரம் நின்று பார்த்தோம். அது எந்தக் காலை எப்படி வைக்கிறது, மூச்சு எப்படி இழுக்கிறது, லத்தி போட்டால் எப்படி இருக்கிறது. அப்புறம் அப்பா பக்கவாட்டில் மெதுவாகப் போய், ஒரு கையை நெஞ்சுக்கு முன்னால் போட்டு, இன்னொரு கையை வால் பக்கம் அணைத்துப் பிடித்தார். குட்டியைக் கழுத்தில் பிடிக்கக் கூடாது. அந்தப் பிடிப்பில் அது ஒரு தடவை துள்ளிவிட்டு அடங்கியது. என் கை முடிக்குள் போனது. வெளியே பார்த்த பொம்மை உள்ளே இல்லை. ஒவ்வொரு விலா எலும்பும் தனித்தனியாக விரலுக்குத் தட்டியது. முதுகெலும்பு கத்தி முனை மாதிரி.

தம்பி முத்தோரை பாலாடா பக்கம் கேரட் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். மூட்டை அடுக்குகிற தகரக் கொட்டகை அங்கே இருந்தது. பிக்கப் வண்டியில் வைக்கோல் பரப்பி அங்கேதான் கொண்டு போனோம். இந்தத் தடவை டாக்டர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். சின்ன வயசுப் பெண். என்னை அக்கா என்றும் அப்பாவை ஐயா என்றும் கூப்பிடுவார்.

வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். குட்டிக்கு நடுப்பல் பிறந்த ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். அதை ஒட்டிய ஜோடி ஒன்றரை மாதம் வாக்கில். ஓரப்பல் ஆறு மாதத்துக்கு மேல்தான். இவளுக்கு ஓரப்பல் இன்னும் வரவில்லை, ஐந்து மாதம் இருக்கும் என்றார். பால் இனி அவசியமில்லை என்று கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. உடம்பு வெப்பம் 98 டிகிரி ஃபாரன்ஹீட்தான் இருந்தது. குட்டிக்கு 99-லிருந்து 102 வரை இருக்க வேண்டும். உடல்நிலைக்கு 1 மார்க் என்று எழுதினார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னெகி என்பவர் உருவாக்கி 1983-இல் வெளியிட்ட அளவுகோல் அது. 1-லிருந்து 9 வரை. கழுத்து, தோள், விலா, முதுகு, வால் அடி என்று கண்ணால் பார்ப்பதோடு கையாலும் தடவிப் பார்த்து மார்க் போட வேண்டும். 1-க்குக் கீழே எண் கிடையாது.

பிறகு கால். கணுவுக்குக் கீழே முடி ஒட்டிப்போய் ஒரு பள்ளம் தெரிந்தது. டாக்டர் வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தார். நாலைந்து பஞ்சு மாறிய பிறகு பள்ளத்துக்குள் நீல நிறம் தெரிந்தது. நைலான் கயிறு. குட்டி ஓடிவிடக் கூடாது என்று எப்போதோ காலைக் கட்டியிருக்கிறார்கள். கயிறு அப்படியே இருந்தது, கால் வளர்ந்துவிட்டது. தோல் கயிற்றுக்கு மேலே மூடத் தொடங்கியிருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டார். அவர் வைத்திருந்த கத்தரி அந்த இடுக்கில் நுழையவில்லை. என் பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி இருந்தது. அதைக் கொதிநீரில் போட்டு, மருந்தில் நனைத்து வாங்கிக்கொண்டார். ஒரு இழை, இன்னொரு இழை. கயிறு முறுக்கு அவிழ்ந்து வந்தபோது சிட்டு காலை உதறவில்லை. கீழே வைத்து, மெதுவாக அழுத்திப் பார்த்தாள். மறுபடி தூக்கிக்கொண்டாள். மறுபடி வைத்தாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) எதிரான ஊசி அன்றைக்கே போட்டாயிற்று. குதிரைக்கு அந்த நோய் மிகச் சுலபமாகத் தொற்றும். துருப்பிடித்த ஆணி குத்தியதில் நல்ல பந்தயக் குதிரை ஒன்று மரக்கட்டையாக விறைத்துச் செத்ததை அப்பா பார்த்திருக்கிறார்.

அன்று மாலை தம்பி ஒரு கூடை கேரட்டும், பக்கத்து வீட்டம்மா வேகவைத்த கொள்ளும் கொண்டுவந்தார்கள். டாக்டர் இரண்டையும் தடுத்தார். அப்போது அவர் சொன்னதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பட்டினி கிடந்த குதிரைக்குட்டிக்கு ஒரே நாளில் வயிறு நிறையப் போட்டால் அது செத்துப்போகலாம். பட்டினியில் உடம்பில் இருந்த பாஸ்பரஸ், மக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்து போயிருக்கும். தானியமோ இனிப்போ திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சம் இருக்கிற உப்புகளையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். இது முதல் நாளே நடக்காது. நன்றாகத் தேறி வருகிறது என்று நாம் சந்தோஷப்படும் மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் நடக்கும்.

அவர் எழுதிக்கொடுத்தது குதிரைமசால். பெயரிலேயே குதிரை இருந்தும் அதுவரை நான் அதை மாட்டுத் தீவனமாக மட்டுமே பார்த்திருந்தேன். புரதம் அதிகம், மாவுச்சத்து குறைவு, பாஸ்பரஸும் மக்னீசியமும் உண்டு. கோவைப் பக்கமிருந்து காய்ந்த கட்டாக வரவழைத்தோம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ராத்திரி 10 மணி, 2 மணி, காலை 6 மணி. தம்பியும் நானும் முறை வைத்துக்கொண்டோம். வெளியே புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். டார்ச் அடித்துக்கொண்டு போனால் அவள் தொட்டியைப் பார்த்தபடி நிற்பாள். நான் போடுவது நாலு வாயில் முடிந்துவிடும். முடித்துவிட்டு தொட்டியின் மூலையை நக்குவாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். கை நிறைய இருக்கிறது, மூட்டை அடுக்கி இருக்கிறது, போடக் கூடாது. அந்தப் பத்து நாளைப் போலக் கஷ்டமான நாட்கள் எனக்கு அதிகம் இல்லை. 2017-ஐ நினைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

குளிருக்கு ஒரு போர்வை தைத்தேன். பழைய கம்பளி உள்ளே, சாக்கு வெளியே, நெஞ்சில் கட்ட அகலமான நாடா. தினமும் ஒரு தடவை அதைக் கழற்றித் தடவிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு உராய்ந்து புண்ணானது தெரியாது.

வயிறு உருண்டையாக இருந்ததற்குக் காரணம் புழு. குட்டிகளுக்கு வருகிற உருண்டைப் புழு. நிறையப் புழு இருக்கிற குட்டிக்கு வேகமான மருந்து கொடுத்தால் எல்லாம் ஒரே சமயத்தில் செத்துக் குடலை அடைத்துக்கொள்ளுமாம். அதனால் உடம்பு கொஞ்சம் தேறும் வரை பொறுத்து, மெதுவாக வேலை செய்கிற மருந்தாகக் கொடுத்தார் டாக்டர். மூன்றாம் நாள் லத்தியில் விழுந்தன. வெள்ளையாக, பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளம். நான் ஒரு குச்சியால் எண்ணத் தொடங்கி 60-க்கு மேல் விட்டுவிட்டேன். அந்த வாரம் வயிறு வற்றிப்போய், முன்பைவிட இளைத்த மாதிரி தெரிந்தாள். காலண்டரில் பாருங்கள், 26-ஆம் தேதி 34½ என்று இருக்கும். அந்தக் குறைவைப் பார்த்துப் பயந்தேன், அப்பாதான் "புழு போன எடை அது, நல்ல குறைச்சல்" என்றார்.

ஆனால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. சிட்டு படுக்கவில்லை. அந்த வயசுக் குட்டி பகலில் பலமுறை காலை நீட்டிப் படுத்துத் தூங்கும். இவள் நின்றுகொண்டே கண்ணை மூடுவாள், முழங்கால் மடங்கும்போது திடுக்கிட்டு விழிப்பாள். தெருநாய்க்கும் சிறுத்தைக்கும் பயந்தே தெருவில் பிழைத்தவள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தூங்குவாள் என்று நினைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பலனில்லை. என்னோடு ஒட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். என் ஸ்வெட்டரைச் சப்பினாள், நான் எழுந்தால் பின்னாலேயே வந்து இடித்தாள். எனக்கு அது இனிப்பாக இருந்தது. டாக்டருக்குப் பிடிக்கவில்லை. மனுஷங்களோடு மட்டும் வளர்கிற குட்டி 250 கிலோ ஆன பிறகும் இதே மாதிரி இடிக்கும், விளையாட்டாக முன்னங்காலைத் தூக்கித் தோளில் போடும், அப்போது அதை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், மறுபடி தெருவுக்குத்தான் போகும் என்றார். "அவளுக்கு ஒரு குதிரை வேணும் அக்கா."

அப்பா தன் பழைய சிநேகிதர் ஒருவரிடம் பேசினார். அவரிடம் ராணி என்று 20 வயது மட்டக்குதிரை இருந்தது. ஒரு கண் தெரியாது, சவாரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். "என் வீட்டுப் பொண்ணு மாதிரி, பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஜனவரி 9-ஆம் தேதி ராணி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு நாள் விட்டு, பிறகு திறந்தோம். சிட்டு கழுத்தை நீட்டி, உதட்டைப் பின்னுக்கு இழுத்து, வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தமில்லாமல் மெல்லுகிற மாதிரி. நான் சின்னப்பிள்ளை, என்னைக் கடிக்காதே என்று பெரிய குதிரையிடம் குட்டி சொல்வது அது. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ராணி மோந்து பார்த்தாள், நகர்ந்துவிட்டாள். சிட்டு அவள் பின்னால் போய், என்னை இடிக்கிற மாதிரியே தலையால் இடித்தாள். ராணி காதைப் பின்னுக்கு மடக்கி, திரும்பி, தோளில் ஒரு கடி கடித்தாள். முடி பிய்ந்து வந்தது. நான் கத்திக்கொண்டு வேலியைத் தாண்டப் போனேன். அப்பா தடியைக் குறுக்கே நீட்டினார். "விடு. அது அவங்க பேச்சு."

அன்று முழுக்க சிட்டு நாலு அடி தள்ளியே நின்றாள். மறுநாள் மூன்றடி. ஒரு வாரம் கழித்து, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் நன்றாக அடித்த பகலில் கொட்டகைக்குப் போனேன். வைக்கோலில் சிட்டு பக்கவாட்டில் கிடந்தாள். நாலு காலும் நீட்டியபடி, கழுத்து தளர்ந்து, கண் மூடி. என் கையிலிருந்த வாளி விழுந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கும் அசையவில்லை. பக்கத்தில் போய் முட்டி போட்டு நெஞ்சைப் பார்த்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழுதடு லேசாகத் துடித்தது. ராணி அவள் தலைமாட்டில் நின்று, நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து வந்துவிட்டேன்.

கயிறு கட்டியவர் மேல் புகார் கொடுக்கலாமே என்று பலர் கேட்டார்கள். யார் என்று உறுதியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில், பிராணியைப் பட்டினி கிடக்க விட்டுவிடுவது குற்றம் என்று தெளிவாகவே இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சிட்டுவின் ஒரு நாள் தீவனத்துக்கு அது காணாது. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

எங்களால் அதிகம் பேரைப் பார்க்க முடியாது. கொட்டகையில் இடம் கொஞ்சம்தான், கடையும் ஓட வேண்டும். மசினகுடி பக்கம் மாவனல்லாவில் ஐபேன் என்கிற அமைப்பு ஊட்டித் தெருக்களிலிருந்து வந்த மட்டக்குதிரைகளைப் பல வருஷமாக வைத்துக் காப்பாற்றி வருகிறது. நான் ஒரு தையல்காரி, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டேப், கத்தரி, அப்பாவின் அனுபவம், அந்த டாக்டரின் போன் நம்பர்.

2023 ஜூனில் எடுத்த அளவு 47. அதற்குப் பிறகு அளவெடுக்க அவள் நிற்பதில்லை. கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ராணி பக்கம் போய்விடுகிறாள். இடது காலில் கயிறு இருந்த இடத்தில் மட்டும் முடி வெள்ளையாக வளையம் மாதிரி முளைத்திருக்கிறது. நொண்டல் இல்லை.

நேற்று தலைகுந்தா பக்கமிருந்து போன் வந்தது. பத்து நாள் குட்டி, தாயும் கூடவே இருக்கிறது. தாய் மிகவும் மெலிந்துவிட்டது, மடியில் பால் குறைவு. வைத்திருப்பவர் முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவராகவே சொல்கிறார். டாக்டரிடம் பேசிவிட்டேன். இரண்டையும் பிரிக்காமல் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டும் என்றார். காலையில் வண்டி வருகிறது. குட்டிக்குப் போதவில்லை என்றால் இருக்கட்டும் என்று தம்பி ஆட்டுப்பாலுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். வாயகன்ற எவர்சில்வர் பேசின் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.